செய்ந்நன்றி அறிதல்: ஆச்சியின் பரண்

நுழையும் முன்

தாயையோ தந்தையையோ பெற்றவரைப் பாட்டி என்கிறோம். நெல்லைச் சீமையில் அவர் ஆச்சி. கொங்கு நாட்டில் அப்பத்தா, அம்மாயி. யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா. உங்கள் வீட்டில் எவ்வாறு அழைக்கிறீர்கள்?

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. இங்கு 'நன்றி' என்பதன் பொருள் நன்மை. பிறர் நமக்குச் செய்த நன்மையை அறிந்து மறவாதிருத்தலே செய்ந்நன்றி அறிதல். அறியாத நன்மைக்கு நன்றி கூறுவது எங்ஙனம்? மாட்டுங்கா லேபர் கேம்பில் வாழும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையைப் படியுங்கள்.

படிப்போம்

பாட்டிக்கு நன்றி கூறிக் கட்டுரை எழுதுமாறு தமிழாசிரியர் கூறினார். "என் ஆச்சி அன்பானவர். துணிவு மிக்கவர். அவருக்கு நன்றி" என்று மூன்று தொடர்கள் எழுதினேன். நான்காம் தொடர் வரவில்லை. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "ஆச்சி அப்படி என்ன செய்தார்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்றிரவு ஆச்சியின் அருகில் அமர்ந்து கேட்டேன்.

ஆச்சி திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். திருமணமானபின் தாத்தாவுடன் ரயிலேறிப் பம்பாய்க்கு வந்தார். தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல இட்லி அவித்து விற்றுப் பிழைத்தன. ஆச்சியும் பின்னிரவில் எழுந்து இட்லி அவிப்பார். விடியுமுன் தாத்தா அவற்றை மிதிவண்டியில் ஏற்றிச் சென்று விற்று வருவார். அப்பா சிறுவனாய் இருந்தபோதே தாத்தா காலமானார். உறவினர் ஊருக்கு அழைத்தனர், ஆச்சி போகவில்லை. இட்லிப் பாத்திரத்தைத் தாமே தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்றார். அப்பாவை மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்தார்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையைப் பெருமழை சூழ்ந்தது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பெருக்கெடுத்தது. ஆச்சியின் வீடு அப்போது ஆற்றுக்கு அருகே தாழ்வான இடத்தில் இருந்தது. முழங்காலளவு நீர் இடுப்பளவாக உயர்ந்தது. ஆச்சி முதலில் அப்பாவின் புத்தகப் பையைப் பரணில் ஏற்றினார். அடுத்து அரை மூட்டை அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, மாவுப் பானை. பிறகு அப்பாவையும் அண்டை வீட்டு மராத்திய மூதாட்டியையும் ஏற்றிவிட்டுத் தாமும் ஏறினார். இரவில் அந்தப் பரணிலேயே இட்லி அவித்தார். தகர மறைப்பின் இடைவெளி வழியே அடுத்த வீட்டாருக்கும் கொடுத்தார்.

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் இல்லை. ஏனென்று நான் கேட்டதே இல்லை, அன்றுதான் கேட்டேன். "இருந்தது ஒரே படம். தகரப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. புத்தகத்தை மேல வச்சுட்டுத் திரும்புறேன், பெட்டி தண்ணிக்குள்ள. எடுத்துப் பார்த்தா மூஞ்சி அழிஞ்சு போச்சு" என்றார் ஆச்சி.

"வருத்தமா இல்லையா ஆச்சி?"

"இல்லாம இருக்குமா? ஒங்கப்பனுக்கு அந்த வருசம் பத்தாங்கிளாஸ் பரீட்சைல்லா!"

அன்று நனையாத அந்தப் புத்தகங்களைக் கொண்டே அப்பா தேர்வு எழுதினார். அவர் படித்ததால்தான் நான் இப்பள்ளியில் பயில்கிறேன். ஆச்சி, அந்தப் புத்தகப் பைக்கு நன்றி. அந்தப் படத்துக்கும் நன்றி.

ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ஆகவே கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினேன். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தார். நான் முதலில் 'ஒரு மூட்டை அரிசி' என்று எழுதியிருந்தேன். "அரை மூட்டைதான் தாயி. பொய் எழுதாத" என்று திருத்தினார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாத்தா வர்ற இடத்த மட்டும் இன்னொரு தடவ வாசி" என்றார்.

சொற்பொருள்

பரண் – கூரைக்குக் கீழே பொருள்கள் வைக்க அமைத்த மேல்தட்டு; மும்பையில் 'மாளா' என்பர்.
பின்னிரவு – நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம்.
மூதாட்டி – முதிய பெண்.
எங்ஙனம் – எவ்வாறு.

கருத்தில் கொள்க

'துணிவு மிக்கவர்' என்பது பண்பைக் கூறும் சொல். 'முதலில் புத்தகப் பையைப் பரணில் ஏற்றினார்' என்பது செயலைக் கூறும் தொடர். செயலைக் கூறினால் பண்பு தானே விளங்கும்.

பயிற்சி

1. மாணவியால் நான்காம் தொடரை எழுத இயலாமற்போனது ஏன்?
2. 'அந்தப் படத்துக்கும் நன்றி' என்று மாணவி கூறுவதன் காரணத்தை விளக்குக.
3. ஆச்சியின் பேச்சுவழக்குத் தொடர்கள் இரண்டை எழுத்துவழக்கில் மாற்றி எழுதுக.
4. அன்பானவர், பொறுமையானவர், உழைப்பாளி: இச்சொற்களைப் பயன்படுத்தாமல், இப்பண்புகளைக் காட்டும் செயல்களைத் தொடர்களாக எழுதுக.
5. உங்கள் பாட்டியிடம் இதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைக் கேளுங்கள். தொலைவில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். அவர் கூறியதைப் பத்துத் தொடர்களில் எழுதி, அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தியவற்றையும் சேர்த்து எழுதி வகுப்பிற்குக் கொண்டு வருக.