படிவத்தை எழுதியவர் அவர், கையெழுத்து உங்களுடையது

கேள்வி: எனக்கு வயது 43. புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கிறேன். ஆயுள் காப்புறுதி எடுப்பதற்காக, உறவுக்காரரான ஒரு முகவர் வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பினார். நான்கு வருடமாகச் சீனி வருத்தம் இருப்பதை அவரிடம் சொன்னேன். “அதைப் போட்டால் இழுபடும், விடுங்கோ” என்று ‘இல்லை’ என எழுதிவிட்டார். நானும் கையெழுத்து வைத்தேன். பொலிசி இன்னும் வரவில்லை. வவுனியாவில் இருக்கும் தம்பியோ, “எல்லாக் கம்பனியின் விலையையும் ஒரே இணையத்தளத்தில் ஒப்பிட்டு வாங்கலாம், ஏஜென்ட் எதற்கு?” என்கிறான். மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான் எடுத்தானாம். இணையத்தில் வாங்கும் காப்புறுதி சட்டப்படி செல்லுமா? முகவர் இனித் தேவையில்லையா?

— வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. உயில், அற்றோர்னித் தத்துவம், காணி விற்பனை போன்ற சிலவற்றுக்கே அந்தச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. காப்புறுதி அந்த விலக்கில் இல்லை.

அடுத்து, அந்தத் தளத்தை நடத்துபவர் யார் என்று பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் முகவரையும் தரகரையும் பிரித்துப் பார்க்கிறது. பல கம்பனிகளின் பொலிசிகளை வாடிக்கையாளருக்காகத் தேடிப் பெற்றுத் தருவது தரகரின் வேலை. அதைச் செய்பவர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். இந்தியாவின் பொலிசிபஜார்கூட 2008இல் ஒப்பீட்டுத் தளமாகத் தொடங்கி, 2021இல் தரகர் உரிமம் பெற்றது. ஆகவே தளமும் ஓர் இடையாள்தான், அதற்கும் கொமிசன் உண்டு. அது காட்டும் பட்டியலில் எல்லாக் கம்பனியும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தம்பி பாவிக்கும் தளத்தின் பெயர் ஆணைக்குழுவின் தரகர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதியை இணையத்தில் எடுத்ததில் தவறில்லை. அது மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். கம்பனிக்குக் கம்பனி பெரிய வித்தியாசம் இல்லாத பொலிசி அது, விலையைப் பார்த்து வாங்கலாம். ஆனால் ஹயருக்கு ஓடும் வாகனத்தைச் சொந்தப் பாவனை என்று பதிந்தால், முகவர் பதிந்தாலும் தளத்தில் பதிந்தாலும் இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரும்.

ஆயுள் காப்புறுதியில் விலையைவிடப் படிவத்தில் உள்ள பதில்களே முக்கியம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம், முகவர் தொடர்பான விடயங்களுக்கும் ஆயுள், தீக் காப்புறுதி விடயங்களுக்கும், இங்கே வேறு சட்டம் இல்லாதவிடத்து ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் அடிப்படை, காப்புறுதி எடுப்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான விடயம் எதையும் மறைக்கக்கூடாது என்பது. சீனி வருத்தம் அப்படியான விடயம். மறைத்தது தெரியவந்தால் கம்பனி பொலிசியையே இல்லாததாக்கலாம்.

“நான் சொன்னேன், எழுதாதது முகவர்தானே” என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு இரண்டு ஆங்கிலத் தீர்ப்புகள் உண்டு. 1892இல் தீர்ந்த போடன் வழக்கில், ஒரு கண் மட்டுமே உள்ள, எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு முகவர் விபத்துக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தார். உடற்குறை எதுவும் இல்லை என்று படிவம் சொன்னது. பிறகு அவருக்கு மற்றக் கண்ணும் போனது. முகவருக்குத் தெரிந்தது கம்பனிக்கும் தெரிந்ததே என்று சொல்லி நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க வைத்தது. 1929இல் நியூஸ்ஹோம் வழக்கில் வாகன உரிமையாளர்கள் உண்மையைச் சொல்லியும் முகவர் பிழையாக எழுதினார். படிவத்தை நிரப்பும்போது முகவர் கையெழுத்து வைப்பவரின் எழுத்தராகவே நிற்கிறார் என்று சொல்லி, நீதிமன்றம் கம்பனியை விடுவித்தது. வாசிக்கத் தெரிந்த உங்கள் நிலை இரண்டாவது வழக்குக்கே கிட்ட நிற்கிறது. பிழை என்று தெரிந்தே கையெழுத்து வைத்தது இன்னும் பாதகம். இங்கிலாந்து 2012இல் சாதாரண நுகர்வோருக்குச் சாதகமாகச் சட்டத்தை மாற்றியது உண்மைதான். அது இங்கும் பொருந்தும் என்று வாதாட இடமுண்டு. ஆனால் பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒரு வாதத்தின்மேல் வைக்காதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் சீனி வருத்தம் பற்றிய கேள்விக்கு நீங்களே விடை தர வேண்டும். பழியைப் பகிர யாரும் இல்லை. ஆனால் எழுதிய பதில் உங்கள் கண்முன் இருக்கும், அதைச் சேமித்தும் வைக்கலாம். முகவரின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சொற்களை விளங்கப்படுத்துவது, கட்டுப்பணம் தவறினால் நினைவூட்டுவது, இறப்புக்குப் பிறகு குடும்பத்தோடு சேர்ந்து பத்திரங்களைத் திரட்டுவது எல்லாம் ஒரு தளம் எளிதில் செய்யும் வேலைகள் அல்ல. இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் நிறைந்த வன்னியில் இது சிறிய உதவியல்ல. அப்படி உழைக்கும் முகவரைத் தளம் அகற்றாது. படிவத்தை நிரப்பிக் கொமிசனோடு போய்விடுபவரின் இடத்தை அது பிடிக்கும், அதில் எனக்குக் கவலையும் இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பொலிசி வரும்வரை காத்திருக்காமல், சீனி வருத்தம் பற்றிய பதில் பிழை என்று கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியை இணையுங்கள். ஒப்பந்தம் முடிவாகும்வரை உண்மையைச் சொல்லும் கடமை தொடர்கிறது, திருத்தவும் இடமிருக்கிறது. கட்டுப்பணம் கூடலாம், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். கட்டிய காசுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதைவிட அது மேல்.

2. நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

3. பணத்தைக் கம்பனியின் கணக்கில் கட்டி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

4. பின்னாளில் பிணக்கு வந்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், அதற்குக் கட்டணமில்லை.

உறவுக்கார முகவர் கோபிப்பாரே என்று இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதன் பிரதி ஒன்றை அவருக்கும் கொடுங்கள்.