மூக்கு ஸ்பிரே: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியதும் நம் வகுப்பறைகளில் தும்மல் சத்தம் கூடிவிடும். சளி என்று நாம் கடந்துபோகும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஒவ்வாமை. காய்ச்சல் இருக்காது. மூக்கில் தெளிந்த நீர் ஒழுகும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கும் கண்ணும் அரிக்கும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். இரவெல்லாம் மூக்கடைத்துத் தூங்காத பிள்ளை, மறுநாள் வகுப்பில் தூங்கி வழிவது இயல்பு. கவனமில்லாத மாணவன் என்று முடிவு செய்யும் முன் இதையும் பார்க்க வேண்டும்.

இத்தகைய பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது ஸ்டீராய்டு கலந்த மூக்கு ஸ்பிரே. புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசொனைடு ஆகியவை இவ்வகை மருந்துகள். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், “ஸ்டீராய்டுன்னு சொல்றாங்க டீச்சர், பிள்ளைக்கு உடம்பு ஊதிடுமாமே” என்று பயந்து நான்காம் நாளே நிறுத்திவிட்டார். பிறகு மருத்துவரிடமே கேட்டுத் தெளிந்து தொடர்ந்தார். இந்தக் கேள்வி நம்மிடமும் வரும். அதனால் அடிப்படைகளை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஏன் பயம் தேவையில்லை?

ஸ்டீராய்டு மாத்திரை குடலில் கலந்து, இரத்தத்தின் வழியே உடல் முழுதும் செல்கிறது. ஸ்பிரே மூக்கின் உட்சவ்வில் நேரடியாக வேலை செய்து வீக்கத்தைக் குறைக்கிறது. தொண்டை வழியே விழுங்கப்படும் பகுதியையும் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடுகிறது. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவற்றில் இரத்தத்தை எட்டுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. விளையாட்டு வீரர்கள் தசைக்காகத் தவறாகப் பயன்படுத்தும் ஸ்டீராய்டு வேறு வகை.

பக்கவிளைவுகள்

அடிக்கடி காண்பவை: மூக்கு வறட்சி, எரிச்சல், லேசான இரத்தக் கசிவு, தொண்டை உறுத்தல், தலைவலி, வாயில் கசப்பு.

அரிதானவை: மூக்கின் நடுச்சுவரில் புண் அல்லது துளை, கண் அழுத்தம் கூடுதல், கண்புரை. நீண்ட காலம் பயன்படுத்தும் குழந்தைகளில் சிலருக்கு வளர்ச்சி வேகம் சற்றுக் குறையலாம். எனவே மருத்துவர் உயரத்தைக் கவனித்து, நோயைக் கட்டுப்படுத்தும் மிகக் குறைந்த அளவையே தருவார். நாம் பள்ளியில் அளந்து பதிவு செய்யும் உயரக் கணக்கு இங்கே பயன்படும். பெற்றோர் கேட்டால் எழுதிக் கொடுக்கலாம்.

ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலரும் எடுக்கும் பிள்ளை என்றால், இரண்டையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மொத்த அளவைக் கணக்கிட இது தேவை.

சரியான முறை

1. மூக்கை மெதுவாகச் சிந்திச் சுத்தம் செய்ய வேண்டும்.
2. பாட்டிலைக் குலுக்க வேண்டும். புதிய பாட்டிலானால் நுண்துளி வரும்வரை காற்றில் சிலமுறை அடிக்க வேண்டும்.
3. தலையைச் சற்று முன்னே குனிய வேண்டும், அண்ணாந்து பார்க்கக் கூடாது.
4. வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. முனை நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். இரத்தக் கசிவைத் தவிர்க்க இதுவே முக்கியம்.
5. அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.
6. முனையைத் துடைத்து மூடி வைக்க வேண்டும். ஒருவர் பாட்டிலை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

அடித்தவுடன் அடைப்பு திறக்காது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரங்கள்கூட ஆகலாம். பலர் இடையில் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

குழப்பிக்கொள்ளக் கூடாதது

கடையில் கேட்டு வாங்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் ஸ்டீராய்டு அல்ல. சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். அதற்காக மீண்டும் விட, மருந்தில்லாமல் மூச்சுவிட முடியாத நிலை உருவாகும். “ஸ்டீராய்டு வேண்டாம்” என்று இதற்கு மாறுபவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மருந்தின் பெயரையோ அளவையோ நாம் பரிந்துரைக்கக் கூடாது. அறிகுறிகளை நாள் குறித்து எழுதிப் பெற்றோரிடம் தரலாம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கலாம், ஒவ்வாமை உள்ள பிள்ளையைப் பலகைக்கு அருகில் அமர்த்தாமல் இருக்கலாம், வகுப்பறையைப் பெருக்கும்போது வெளியே அனுப்பலாம்.

அடிக்கடி அல்லது நிற்காத இரத்தக் கசிவு, பார்வை மங்கல், கண்வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சுவாச மண்டலப் பாடத்தில் மூக்கின் படம் வரையும் அன்று, நடுச்சுவரைச் சுட்டிக்காட்டி நான்காம் படியையும் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் ஸ்பிரே பயன்படுத்தும் யாருக்கேனும் அந்தப் பிள்ளை அதைச் சொல்லும்.