ஐப்பசியில் ஏணி வேண்டாம், மேசை போதும்

ஐப்பசி பிறந்ததும் சாலிடரிங் அயர்னைத் தூசி தட்டி எடுக்கும் கூட்டம் ஒன்று உண்டு. வெளியே போக முடியாத மழை நாள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எப்போதோ வாங்கிப் போட்ட இஎஸ்பி32 போர்டு, நாலு ரிலே உள்ள அட்டை. ஹால் விளக்குகளை போனிலிருந்தே போட்டு அணைக்க வேறென்ன வேண்டும்? மேசை வேலைக்கு இது நல்ல காலம்தான். ஏணி போட்டுக் கூரையில் கை வைப்பதைப் பொங்கலுக்குத் தள்ளிவைக்கவும்.

காரணம் தளத்துக்குள் இருக்கிறது. மொட்டைமாடி விரிசலில் இறங்கும் நீர், கான்கிரீட்டில் புதைத்த வயர் பைப் வழியே ஓடி, விளக்கு மாட்டிய இடத்தில் சொட்டும். அந்த விளக்கின் சுவிட்சை அணைத்தாலும் அதே பைப்பில் போகும் மற்ற வயர்களில் 230 வோல்ட் இருக்கலாம். விளக்கைச் சுற்றி ஈர வட்டம் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும்.

மேசையில் செய்ய வேண்டியது ஒரு சோதனை. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். வரும்போதெல்லாம் போர்டு புதிதாகத் தொடங்கும். கடையில் கிடைக்கும் ரிலே அட்டைகள் பலவும் பின்னில் வோல்ட் இறங்கினால் ஒட்டுபவை. புரோகிராம் பொறுப்பேற்பதற்குள் ரிலே 'டிக்' என்று ஒட்டிவிடலாம். நடு ராத்திரியில் படுக்கையறை விளக்கு பளிச்சிடுவது இப்படித்தான். வீட்டு மின்சாரத்தை ரிலேயில் இணைக்காமல், போன் சார்ஜரில் போர்டை மாட்டிப் பத்து முறை பிடுங்கிச் சொருகவும். ரிலே அட்டையின் குட்டி விளக்கு ஒருமுறை மினுக்கினாலும் தேறவில்லை என்று அர்த்தம்.

போர்டின் 25, 26, 27, 33 ஆகிய பின்கள் ரிலேயை இயக்கத் தோதானவை. 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளீட்டுக்கு மட்டுமே. 12-ஐ விட்டுவிடவும், தொடக்கத்தில் அதில் வோல்ட் ஏறியிருந்தால் போர்டு பெரும்பாலும் எழாது. மினுக்கல் தீராவிட்டால் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. புரோகிராமிலும் பின்னை முதலில் உயர்த்திவிட்டு அப்புறம் அவுட்புட் ஆக்கவும்.

ரூட்டர் படுத்துவிட்ட ராத்திரியில் சுவர் சுவிட்ச் வேலை செய்யுமா? மாடிப்படி விளக்குக்கு எலக்ட்ரீஷியன் போடும் டூ-வே வயரிங்தான் இதற்கும் வழி. ரிலேயில் மூன்று முனைகள் இருப்பதால் இரண்டாவது டூ-வே சுவிட்ச் அதுவே. போர்டு செத்தாலும் சுவரில் தட்டினால் விளக்கு எரியும். என்ன, விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் போர்டுக்குத் தெரியாது; அடைமழையில் அதைப் பெரிய குறையாக யாரும் சொல்லப்போவதில்லை. இந்த வயரிங்கும் தளம் காய்ந்த பிறகு, எலக்ட்ரீஷியன் கையால்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் ரிலேயின் சத்தத்தைக் கவனிக்கவும். 'டிக்' கேட்டும் விளக்கு அணையாவிட்டால் உள்முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்இடி டிரைவர்கள் முதல் கணத்தில் இழுக்கும் கரண்ட் அப்படி. உடனே மாற்றவும்.

ஃபால்ஸ் சீலிங் மேல் அட்டையைத் திறந்து வைத்திருந்தால் இந்த வாரமே மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகட்டும். மழைக்கு ஒதுங்கும் பல்லிக்கும் எறும்புக்கும் அந்தக் கதகதப்பு பிடிக்கும். அட்டையின் அடிப்பக்கத்திலோ 230 வோல்ட் மூடாக்கு இல்லாமல் ஓடுகிறது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். மழையில் அது அடிக்கடி விழுந்தால் நேர் வயர் கொடுத்து ஏமாற்ற வேண்டாம்; கசிவு எங்கே என்று தேடச் சொல்லவும்.