எலியும் யானையும்

யானை பெரிது, எலி சிறிது. இதனைச் சிறு குழந்தையும் அறியும். ஆயின், யானை என்பது பன்மடங்கு பெருக்கப்பட்ட ஓர் எலியோ? எலியைக் காட்டிலும் 10,000 மடங்கு எடையுள்ள யானைக்கு 10,000 மடங்கு உணவு வேண்டுமோ? ‘வேண்டும்’ என்றே நம் கணக்கறிவு விடை கூறும். இயற்கையோ ‘வேண்டா’ என்கிறது. அதன் காரணத்தை அறிய விரும்புவோர் முதலில் குருதிக் குழாய்களின் அமைப்பை அறிதல் வேண்டும்.

குருதி உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்தை அடைகிறது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். எனினும், குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளிலிருந்து, அதனை மீட்டுக் கொணரும் சிரைகளுக்கு அஃது எவ்வழியே செல்கிறது என்பதை அவர் கண்ணாரக் கண்டாரல்லர். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1661இல், இத்தாலிய அறிஞர் மால்பிகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கி வழியே நோக்கி அவ்வழியைக் கண்டார். மயிரினும் நுண்ணிய அக்குழாய்களே தந்துகிகள்.

ஆற்று நீர் தலைவாய்க்காலில் புகுந்து, கிளைவாய்க்கால்களாகப் பிரிந்து, மடைகளின் வழியே வயலை அடைவது போல, குருதியும் பெருந்தமனியிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து தந்துகிகளை அடைகிறது. இக்கிளைகளின் அகலத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. குழாய் மிகக் குறுகினால், குருதியைச் செலுத்த இதயம் மிக உழைக்க வேண்டும். மிக அகன்றால், அதனை நிரப்பும் குருதியைப் பேணும் செலவு மிகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிக்கனமான அளவை அமெரிக்க உடலியல் அறிஞர் முர்ரே 1926இல் கணித்தார். அவர் கணக்கின்படி, 10 அலகு ஆரமுள்ள குழாய் இரு சமகிளைகளாகப் பிரியுமாயின், ஒவ்வொரு கிளையின் ஆரமும் ஏறத்தாழ 8 அலகு ஆகும். சிறு தமனிகள் பலவற்றில் இவ்வொழுங்கு பெரும்பாலும் பொருந்தக் காண்கிறோம்.

இனி, வியப்புக்குரிய செய்தி ஒன்றைக் காண்போம். யானையின் பெருந்தமனி எலியின் பெருந்தமனியினும் மிகப் பெரிது. ஆனால் யானையின் தந்துகியும் எலியின் தந்துகியும் அகலத்தில் ஏறத்தாழ ஒன்றே! எனவே, பேருடலில் கிளைகள் பன்முறை பிரிய வேண்டும். அவை செல்லும் தொலைவும் மிகுதி. வயல்வெளி விரிய விரிய, நீரின் பெரும்பங்கு வாய்க்கால்களிலேயே தங்கிவிடும் அன்றோ? அதுபோல, யானையின் தந்துகிகள் எடைக்கு நேராகப் பெருகுவதில்லை. ஆகவே ஒவ்வொரு தந்துகியும் மிகுதியான உயிரணுக்களுக்கு உணவூட்டுகிறது. அவ்வுயிரணுக்களும் சிக்கனமாகவே வாழ்கின்றன.

உணவை ஆற்றலாக்கும் வளர்சிதை மாற்றத்தின் அளவை ஆராய்ந்த மாக்ஸ் கிளைபர், 1932இல் இவ்வுண்மையை எண்களால் காட்டினார். எலியின் எடை 300 கிராம் எனவும், யானையின் எடை 3,000 கிலோகிராம் எனவும் கொள்வோம். எடை 10,000 மடங்கு. ஆற்றற்செலவோ 1,000 மடங்கே. அஃதாவது, யானையின் ஒரு கிராம் உடல், எலியின் ஒரு கிராம் உடல் செலவிடுவதில் பத்தில் ஒரு பங்கையே செலவிடுகிறது. எலியின் இதயம் நிமிடத்திற்கு 300 முறைக்கு மேல் துடிக்க, யானையின் இதயம் ஏறத்தாழ 30 முறையே துடிப்பதும் இதனோடு ஒத்ததே. குழாய்களின் கிளையமைப்பே இதற்குக் காரணம் என்று வெஸ்ட், பிரௌன், என்குவிஸ்ட் என்னும் மூவர் 1997இல் விளக்கினர். வேறு காரணம் கூறுவோரும் உளர்.

இதனை மறந்தால் விளையும் தீங்கு பெரிது. 1962இல் அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில், ஆய்வின் பொருட்டு ஒரு யானைக்கு மனத்தை மயக்கும் மருந்து ஒன்று ஊசிவழி செலுத்தப்பட்டது. சிறு விலங்குகளுக்குரிய அளவை எடைக்கு எடை பெருக்கியே அம்மருந்தின் அளவு கணிக்கப்பட்டது. சில நிமிடங்களில் அக்களிறு நிலைகுலைந்து வீழ்ந்தது. இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் நீத்தது. பின்னர்க் கொடுத்த மருந்துகளுக்கும் அவ்விறப்பில் பங்கு இருக்கலாம் என்பர். எனினும், எடையை மட்டும் கொண்டு கணித்தது பிழை என்பதை அறிஞர் எடுத்துக்காட்டினர்.

இந்நாளில், விலங்குகளிடம் ஆய்ந்த புது மருந்தை மனிதருக்கு முதன்முதல் கொடுக்குமுன், எடையோடு உடற்பரப்பையும் கருதியே அளவு குறிக்கின்றனர். வாய் பேசாத ஓர் உயிரின் இறப்பும் அப்பாடத்தை நமக்கு நினைவூட்டி நிற்கிறது.