காப்பின் அளவு

பழந்தமிழ் நூல்களின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் நிற்பதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். எடுத்த நூல் இடையூறின்றி முடிதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். மோட்டார் வண்டிக்குச் செய்யும் காப்பீடோ இடையூற்றைத் தடுப்பதன்று. இடையூறு வந்தபின் நேரும் பொருளிழப்பைத் தாங்குவதே அதன் தொழில். எந்த இழப்பை, எவ்வளவு தாங்கும் என்பது நாம் பெறும் பத்திரத்தைப் பொறுத்தது.

சென்னைக் கே.கே. நகரில் எம் தெருவில் இருவர் கார் வைத்திருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற எழுத்தர். அவருடைய வண்டி மிகப் பழையது. சட்டம் கட்டாயமாக்கிய காப்பீட்டை மட்டுமே அவர் எடுத்திருந்தார். மற்றவர் வணிகர், அவர் வண்டி புதியது, அதற்கு முழுக் காப்பீடு உண்டு. எழுத்தரின் சிக்கனத்தை வணிகர் எள்ளுவதுண்டு.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. எம் தெருவில் நின்ற வண்டிகளுள் நீர் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் வணிகர் ஆவலோடு சாவியைத் திருகினார். எஞ்சினுள் தேங்கிய நீரை அழுத்தவியலாது. ஆதலின் உள்ளிருந்த தண்டுகள் வளைந்து முறிந்தன. இருக்கை, மின்கம்பி முதலியவற்றைச் சீர்செய்யும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. எஞ்சினுக்குத் தர மறுத்தது. வெள்ளம் செய்த கேடு வேறு, நனைந்த எஞ்சினை இயக்கியதால் விளைந்த கேடு வேறு என்பது அதன் விடை. எஞ்சினுக்கெனத் தனிக் கட்டணம் செலுத்திக் கூடுதல் காப்புப் பெறும் வழி இருந்தது. அவர் அதனைப் பெற்றிலர்.

எழுத்தருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் கலங்கவில்லை. 'பல ஆண்டுகளாகச் செலுத்தாமல் மிச்சப்படுத்திய தொகையே வண்டியின் விலையை எட்டும்' என்று கூறி, அதனைப் பழைய இரும்புக்கு விற்றார். அவர் கணக்குப் பிழையன்று என்பதே எம் கருத்து.

ஆனால், அவரும் விடாத பகுதி ஒன்று உண்டு. நம் வண்டியால் பிறருக்கு உயிர்க்கேடோ உடற்கேடோ நேரின் அதற்கு ஈடு தருவது மூன்றாம் தரப்புக் காப்பீடு. உரிமையாளர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, வழியே சென்ற அயலார் மூன்றாம் தரப்பு. இந்தியாவில் இது 1946 முதல் கட்டாயம். இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு இதனை வற்புறுத்துகிறது. உயிருக்கும் உடலுக்கும் தரும் ஈட்டிற்கு வரம்பில்லை. கார் அழிக்கும் பிறர் பொருளுக்கு வரம்பு 7,50,000 ரூபாய். குடும்பத்தின் வீட்டையே விற்கச் செய்யும் கடன் பெரும்பாலும் இவ்வழியேதான் வரும். வண்டியின் நசுங்கலால் வருவதன்று.

இனி, சொந்த வண்டிக்குரிய காப்பு. அதன் மதிப்பு ஆண்டுதோறும் குறையும். 6,00,000 ரூபாய் விலையுள்ள வண்டி நான்காண்டு கடந்தால், வழக்கமான அட்டவணைப்படி 3,00,000 ரூபாயாகவே கொள்ளப்படும். கட்டணம் குறையட்டும் என்று அதனினும் குறைத்து மதிப்பிடுவோர் உளர். வண்டி களவு போனால் அக்குறைந்த தொகையே கைக்கு வரும்! சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்பதும் ஆதாயமன்று; கேளாதிருந்தால் ஓராண்டிற்குப்பின் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை வளரும் கட்டணச் சலுகை, கேட்ட அளவில் போய்விடும்.

வணிகர் பின்னர் வேறு வண்டி வாங்கினார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுத்தர் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இருவரும் மூக்குக்கண்ணாடி அணிந்து, பொடி எழுத்தில் அச்சிட்ட விலக்குகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினர்.