தூறலில் கத்தும் வைப்பர்



தம்பி, அப்பாவின் பழைய கார் உன் கைக்கு வந்துவிட்டது. என்ஜின் இன்னும் திடமாக இருக்கிறது. ஆனால் தூறல் போடும்போது வைப்பரை விட்டுவிட்டுத் துடைக்கும் நிலையில் வைத்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் கிரீச்சிடுகிறது, சில நேரம் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். மோட்டாரோடு முழு செட்டையும் மாற்றிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். அவசரப்படாதே. சத்தம் போடுவதும் நடுவில் நிற்பதும் ஒரே கோளாறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மோட்டாரை மாற்றிய பிறகும் அதே சத்தம் கேட்பது பட்டறைகளில் அடிக்கடி நடப்பதுதான்.

முதலில் ஒரு கேள்வி. கொட்டும் மழையில் பேசாமல் வேலை செய்கிற வைப்பர், தூறலில் மட்டும் ஏன் கத்துகிறது? கண்ணாடி முழுக்க நனைந்திருக்கும்போது ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு நீர்ப்படலம் இருக்கும். ரப்பர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். தூறலில், ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே சில விநாடிகள் கிடைக்கின்றன. அதற்குள் கண்ணாடி பாதி காய்ந்துவிடுகிறது. நனைந்தும் நனையாமலும் இருக்கிற அந்த இடைப்பட்ட நிலையில்தான் ரப்பரின் உராய்வு உச்சத்துக்குப் போகிறது. முழுக்கக் காய்ந்த கண்ணாடியில் இருப்பதைவிடவும் அதிகமாக. ரப்பரின் விளிம்பு ஒட்டிக்கொள்ளும், ரப்பரைத் தாங்கும் ஆர்ம் இழுக்கும், விளிம்பு விடுபட்டுத் துள்ளும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது வேகமாக நடந்தால் கிரீச். மெதுவாக நடந்தால் தடதட. கரும்பலகையில் சாக்பீஸைத் தவறான சாய்வில் பிடித்து இழுத்தால் கோடு புள்ளி புள்ளியாக விழுகிறதே, கண்ணாடியில் வரிவரியாக ஈரம் நிற்பதும் அதே காரணத்தால்தான்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய். வண்டியை நிறுத்தி, இரண்டு ஆர்ம்களையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்து. பிறகு வைப்பரை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி கண்ணாடி, ரப்பர், ஆர்ம் இந்த மூன்றில் ஒன்று. சத்தம் தொடர்ந்தால் அது உள்ளே இருக்கிற லிங்கிலோ மோட்டாரிலோ இருந்து வருகிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் மோட்டாரை மாற்றச் சொல்கிறவரை நம்ப வேண்டியதில்லை. சில வண்டிகளில் ஆர்மைத் தூக்கினால் பானெட் விளிம்பில் இடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில், ஆர்ம் கண்ணாடியின் பாதிக்கு வந்ததும் இக்னிஷனை அணைத்து, அந்த இடத்தில் வைத்துத் தூக்கு. நின்ற இடத்திலிருந்து சற்றே ஓடவிட்டு, ஆர்ம் பானெட்டை நெருங்குமுன் அணைத்துவிடு.

கண்ணாடியிலிருந்து தொடங்கு. பார்க்கச் சுத்தமாகத்தான் தெரியும். ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார். தண்ணீர் ஒரே தகடாக இறங்கினால் நல்லது. திட்டுத்திட்டாகப் பிரிந்தால் மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று பொருள். முன்னால் போகிற லாரி, பஸ்களின் புகை, வாட்டர் வாஷில் பூசிய பாலிஷ், மரத்தடியில் நிறுத்தியபோது சொட்டிய பிசின் எல்லாம் சேர்ந்து அங்கே படிந்திருக்கும். ஷாம்பு போட்டுக் கழுவியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கண்ணாடியை அழுத்தித் துடை. மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். ரப்பரை மட்டும் அதில் துடைக்காதே. அதற்கு ஈரத்துணி போதும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்துவிட்டு, விளிம்பை விரலால் தடவிப் பார். கூராக, சதுர விளிம்பாக இருக்க வேண்டும். மழுங்கி உருண்டிருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, மடக்கினால் விறைத்துக்கொண்டாலோ மாற்றிவிடு. நம் ஊர் வெயிலில் ரப்பர் தேய்வதைவிட வேகமாகக் காய்ந்து இறுகிப்போகிறது. மழையே பார்க்காத வண்டியிலும் அது கெட்டுப்போவது இதனால்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதையும் ரப்பரில் தடவாதே. அன்றைக்குச் சத்தம் அடங்கும். பிறகு பெட்ரோலியம் ரப்பரை ஊதவைக்கும், எண்ணெய் கண்ணாடியில் படலமாகப் பரவி இரவில் எதிர்வண்டி விளக்கைச் சிதறடிக்கும்.

ரப்பர் புதிது, கண்ணாடி சுத்தம், ஆனாலும் தடதடக்கிறதா? எந்தப் பக்கம் போகும்போது தடதடக்கிறது என்று கவனி. இதை நிறைய பேர் கவனிப்பதில்லை.

ரப்பரின் விளிம்பு எப்போதும் போகிற திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, பின்னால் இழுபட்டு வர வேண்டும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அது மறுபக்கம் புரள வேண்டும். ஆர்மின் நுனி கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரு திசையில் விளிம்பு பின்னால் சாயாமல் நெட்டுக்குத்தாக முன்னே தள்ளப்படும். அந்தத் திசையில் மட்டும் சத்தம் வரும். ரப்பரோடு புது பிளேடு போட்டாலும் இது தீராது. பிளேடைக் கழற்றி, ஆர்மின் தட்டையான நுனி கண்ணாடிக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார். கோணல் தெரிந்தால், துணி சுற்றிய இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்களால் பிடித்து, எதிர்ப்பக்கம் துளித்துளியாக முறுக்கிச் சரிசெய்யலாம். பிளேடு இல்லாத ஆர்ம் ஸ்பிரிங்கின் வேகத்தில் கண்ணாடியில் விழுந்தால் கண்ணாடி கீறும், உடையவும் கூடும். கழற்றியவுடன் கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துவிடு.

அழுத்தமும் முக்கியம். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903-இல் காப்புரிமை வாங்கிய வைப்பர், வண்டிக்குள்ளிருந்து கையால் லீவரை அசைத்து இயக்குவது. அதிலேயே ரப்பர் கண்ணாடியை விட்டு விலகாமல் இருக்க எதிர்எடை வைத்திருந்தார். அந்த வேலையை இன்று ஆர்மின் ஸ்பிரிங் செய்கிறது. பிளேடின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 15 கிராம் அழுத்தம் என்பது பொதுக் கணக்கு. 45 சென்டிமீட்டர் பிளேடுக்கு 700 கிராம் அளவில் வரும். கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசை ஆர்ம் நுனியில் மாட்டி, பிளேடு கண்ணாடியை விட்டு எழும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மிகக் குறைவாக இருந்தால் துள்ளும். ஆர்மின் மூட்டு துருவேறி இறுகியிருந்தால் கிரீச்சிடும். ஸ்பிரிங்கையும் ஆர்மின் மூட்டையும் சுத்தம் செய்து எண்ணெய் விட்டும் தேறவில்லை என்றால், ஆர்மையே மாற்றுவது நல்லது.

ஆர்மைத் தூக்கிவைத்து ஓட்டியபோதும் சத்தம் வந்ததா? அப்படியானால் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மூடியைக் கழற்றியாக வேண்டும். அதற்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்று. வைப்பர் மோட்டார் தானாகவே தன் நிறுத்தத்துக்குத் திரும்பும்படி செய்யப்பட்டது. நீ தொடாமலே சுற்றத் தொடங்கும், அதன் கிராங்க் விரலை நசுக்கிவிடும். ஆர்மைக் கழற்றுமுன் அது படுத்திருக்கிற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள். ஆர்ம் தான் பொருந்தியிருக்கிற பல்வரிசையில் இறுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதே. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு மணிநேரம் விட்டு, கையால் ஆட்டி ஆட்டி எடு.

உள்ளே ஒரு மோட்டார், அதன் முனையில் கிராங்க், அதிலிருந்து இரண்டு ஸ்பிண்டில்களுக்குப் போகிற லிங்க் கம்பிகள். கம்பிகளின் மூட்டுகளில் பிளாஸ்டிக் புஷ்கள். ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பார். ஆடினால், வைப்பர் திசை மாறும்போது 'டொக்' என்று கேட்டது அதுதான். புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் அது போதும்; கிடைக்காத மாடலுக்கு லிங்கையே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்பிண்டில்களைத் தனியாகச் சுற்றிப் பார். பழைய வண்டிகளில் மழைநீர் நேராக அவற்றின்மேல்தான் இறங்குகிறது. உள்ளே கிரீஸ் கரைந்து, துரு பிடித்து, கையால்கூடத் திருப்ப முடியாத அளவுக்கு இறுகியிருப்பதுண்டு. அப்படி இறுகிய ஸ்பிண்டிலை இழுத்து இழுத்துத்தான் மோட்டார் முனகும், ஃபியூஸ் போகும், நடுக்கண்ணாடியில் நிற்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு சொல்லித் தூக்கிப் போடப்படுகிற மோட்டார்களில் சில, உண்மையில் நன்றாகவே இருப்பவை. ஸ்பிண்டிலைக் கழற்றித் துருவைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்து மாட்டு. லிங்கை மோட்டாரிலிருந்து பிரித்து, கையை எடுத்துவிட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து மோட்டாரை மட்டும் ஓடவிட்டால் அதன் நிலையும் தெளிவாகிவிடும். வெறும் மோட்டார் சீராக ஓடினால் அதை விட்டுவிடு. அப்போதும் உறுமினால் உள்ளே பல்சக்கரத்தின் கிரீஸ் காய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

இனி விட்டுவிட்டுத் துடைக்கிற ஏற்பாட்டுக்கு வருவோம். இதற்குப் பின்னால் ஒரு மனிதரின் நெடும் போராட்டம் இருக்கிறது. டெட்ராய்ட்டில் பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் கேர்ன்ஸ், 1960-களின் தொடக்கத்தில், இமை விட்டுவிட்டுச் சிமிட்டுவதைப் போல வைப்பரும் இடைவெளி விட்டு இயங்கலாமே என்று எண்ணினார். இளமையில் ஒரு விபத்தில் அவருடைய இடக்கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஆகிய மூன்றை வைத்தே சுற்றை அமைத்தார். ஃபோர்டு நிறுவனத்திடம் அதை இயக்கிக் காட்டினார். 1964-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவரோடு ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே 1969-இல் ஃபோர்டு கார்களில் அப்படிப்பட்ட வைப்பர் வந்தது. 1978-இல் வழக்குத் தொடுத்தார். 1990-இல் ஃபோர்டு 1 கோடியே 2 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பிறகு கிரைஸ்லருக்கு எதிராக நடந்த வழக்கில் பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடி வென்றார். எல்லாருக்கும் தெரிந்த சாதாரண உதிரிகள்தானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பதுதான் நிறுவனங்களின் வாதம். அந்த உதிரிகளைச் சேர்த்த விதம் புதிது என்பது கேர்ன்ஸின் பதில். அதுவே நீதிமன்றத்தில் நின்றது.

அந்த ஏற்பாடு தெரிந்தால் உன் காரின் கோளாறும் பிடிபடும். ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்புகிறது. நிரம்பியதும் டிரான்சிஸ்டர் திறந்து ரிலேயை இழுக்கிறது. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிறுத்தத்துக்கு வருகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன் டேஷ்போர்டுக்குள் கேட்கிற 'டிக்' அந்த ரிலேதான். அது கோளாறு இல்லை. மெதுவான ஓட்டமும் வேகமான ஓட்டமும் சரியாக இருந்து, விட்டுவிட்டுத் துடைக்கும் நிலை மட்டும் வேலை செய்யாவிட்டால், ரிலேயைச் சந்தேகப்படு. சுவிட்சை அணைத்ததும் ஆர்ம் கீழே போய்ப் படுக்காமல் இருந்த இடத்திலேயே நின்றால், மோட்டாருக்குள் இருக்கிற பார்க் சுவிட்சின் தகடுகளில் கரி படிந்திருக்கலாம். சில நேரம் நிற்கிறது, தட்டினால் ஓடுகிறது என்றால், எர்த் கம்பி தளர்ந்திருக்கலாம் அல்லது ஈய ஒட்டு விட்டுப்போயிருக்கலாம்.

ஈய ஒட்டு விட்டுப்போவது சின்ன விஷயம் இல்லை. 1990-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற பிக்கப் வண்டிகளில் வைப்பர் மோட்டாரோடு இருந்த சர்க்யூட் போர்டில் ஈய ஒட்டுகள் வெடித்து, வைப்பர்கள் விட்டுவிட்டு நின்றன. அந்த நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்க வேண்டியிருந்தது. உன் ரிலேயின் மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டுகளைப் பார். கம்பிக்காலைச் சுற்றி முடி அளவு வளையம் தெரிந்தால் அதுதான் வெடிப்பு. ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் புதிதாக ஈயம் வைத்துத் தருவார்கள்.

மோட்டாரே மாற்ற வேண்டும் என்றாகிவிட்டால், உன் மாடலுக்குப் புதிது கிடைக்கிறதா என்று முதலில் விசாரி. 1961-இல் தொடங்கிய, சென்னை பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் இந்திய வண்டிகளுக்கு வைப்பர் மோட்டார் செய்துவருகின்றன. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடையில் வாங்கினால், கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, நிறுத்தினால் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடு.

வேலையைத் தள்ளிப்போடாதே. முன்கண்ணாடி உள்ள வண்டிகளில் நன்றாக இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 101-ஆவது விதி சொல்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கண்ணாடியும் ரப்பரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே முடியும். ஸ்பிண்டிலுக்கு இன்னொரு நாள் ஒதுக்கு. செப்டம்பருக்குள் வேலையை முடித்துவிடு தம்பி. அதுவரை மழையில் இரவுப் பயணம் வேண்டாம்.