கிளாண்டும் லக்கும் வாங்கப் போகும் தங்கச்சிக்கு

அம்மிணி, சிஎன்சி மெஷினுக்குப் பல லட்சம் கொடுத்தாச்சு. இனி அது நிற்காமல் ஓடுவது நீ வாங்கிப் போடுகிற சில்லறைச் சாமான்கள் கையில்தான் இருக்கிறது. கிளாண்டு, லக், டெர்மினல், கனெக்டர், பிளக். இதையெல்லாம் எலக்ட்ரீஷியனிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிவரச் சொல்லிவிடுகிற பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் நிறைய. நீ அப்படி விட்டுவிடாதே. ஒரு தடவையாவது நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கு.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒயர் நடுவில் எரிவது அபூர்வம். எரிந்தால் பெரும்பாலும் ஜாயிண்டில்தான். 16 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் பிடிப்பு சரியில்லாமல் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் கூடிவிட்டது என்று வை, அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து பேனல் போர்டுக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. எம்சிபி காப்பாற்றும் என்று நினைக்காதே. கரண்ட் கூடவில்லையே, அது ஏன் ட்ரிப் ஆகப் போகிறது? பிளாஸ்டிக் கருகி நாற்றம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

கடைக்குக் கிளம்பும் முன் மெஷின் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட், கேபிளின் வெளிவிட்டம், அந்த இடத்தில் கூலன்ட் தெறிக்குமா, கேபிள் அசையுமா. வெளிவிட்டத்தைக் கண்ணளவில் சொல்லாதே, வெர்னியர் வைத்து அள. கிளாண்டு தேர்வு செய்வது அந்த அளவை வைத்துத்தான். "2.5 ஸ்கொயர், நாலு கோர்" என்று மட்டும் சொன்னால் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி மேலுறையின் தடிமன் மாறும்.

கிளாண்டில் எல்லோரும் ஏமாறுகிற இடம் மரை. இப்போது வருகிற மெஷின்களில் பெரும்பாலும் மெட்ரிக் மரைதான், எம்20, எம்25 என்று. பழைய இறக்குமதி மெஷின்களிலும் பழைய மோட்டார் டெர்மினல் பாக்ஸ்களிலும் பிஜி மரை இருக்கும். எம்20 என்றால் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர். பிஜி 13.5 என்றால் 20.4. கையில் வைத்துப் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்வாய். ஆனால் எம்20-ல் மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், பிஜியில் இன்ச்சுக்கு 18 மரை, அதாவது சுமார் 1.41. மாற்றிப் போட்டால் பித்தளையில் ரெண்டு மூன்று சுற்று போய் முறுக்கிக்கொள்ளும். பையன் ஸ்பானர் போட்டு இறுக்கிவிட்டு "ஃபிட்டாயிடுச்சுக்கா" என்பான். நைலான் என்றால் மரையே தேய்ந்து போகும். பார்க்க உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் அந்த வழியாக எண்ணெயும் தண்ணீரும் தாராளமாக உள்ளே இறங்கும். சரியான மரை, ஸ்பானர் இல்லாமல் வெறும் விரலால் கடைசி வரை சுற்றிப் போக வேண்டும். பழைய கிளாண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோ. கடைக்காரரிடம் "மெட்ரிக்கா, பிஜியா" என்று நீயே கேள். கேட்கிறவருக்கு விவரம் தெரிகிறது என்றால் எடுத்துக் கொடுக்கிற சாமானும் மாறும்.

கிளாண்டின் உள்ளே இருக்கிற ரப்பரை விரலால் அழுத்திப் பார். மெத்தென்று அமுங்கி உடனே திரும்ப வேண்டும். விறைப்பாக இருந்தால் வேண்டாம். பிடிப்பு அளவு 6 முதல் 12 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் உன் கேபிள் அதன் நடுவாக்கில் விழட்டும், 6 மில்லிமீட்டர் கேபிளை அதில் போட்டுக் கடைசி வரை இறுக்கித் திருப்திப்படாதே. ஒரு ஓட்டை உள்ள கிளாண்டில் ரெண்டு கேபிளை நுழைப்பதை உன் பட்டறையில் அனுமதிக்கவே கூடாது. ரெண்டுக்கும் நடுவில் விழுகிற சந்தை எந்த ரப்பரும் அடைக்காது.

எல்லா இடத்துக்கும் பித்தளைக் கிளாண்டுதான் வேண்டும் என்பதில்லை. அடிபடாத, வெயில் படாத பேனலுக்கு நல்ல நைலான் கிளாண்டே போதும். ஆர்மர்டு கேபிளுக்கு உலோகக் கிளாண்டு கட்டாயம். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஷீல்டு கேபிளுக்கு, ஷீல்டைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கிற இஎம்சி கிளாண்டு வாங்கு. ஷீல்டைத் திரித்து வால் மாதிரி இழுத்து ஒரு ஸ்க்ரூவில் மாட்டினால், சென்சார் காரணமில்லாமல் தப்புத் தப்பாகச் சிக்னல் கொடுக்கும். நீ சென்சாரையே மாற்றி மாற்றிக் காசைக் கரைப்பாய்.

லக் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் கலப்படம் அதிகம். லக்கின் மேல் 35-10 என்று அடித்திருந்தால் 35 ஸ்கொயர் கேபிளுக்கு, 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு என்று அர்த்தம். குழாயின் வாயைத் திருப்பிப் பார். சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். செம்பு லக்கின் மேலே இருக்கிறது வெறும் வெள்ளீயப் பூச்சு, ஓரத்தை அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் செம்பு நிறம் தெரிய வேண்டும். மஞ்சளடித்தால் அது பித்தளை, வெள்ளையாகவே இருந்தால் வேறு ஏதோ. ஒரே அளவில் ரெண்டு கம்பெனி லக்கைத் தராசில் போட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

செம்புக் கேபிளுக்குச் செம்பு லக், அலுமினியக் கேபிளுக்கு அலுமினிய லக். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் மாட்ட வேண்டி வந்தால் பைமெட்டல் லக் கேட்டு வாங்கு. ரெண்டு உலோகமும் நேராக உரசிக்கொண்டு இருந்தால் மழைக்கால ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும், பிடிப்பு தளரும், சூடு ஏறும். லக் சின்னதாக இருக்கிறது என்று கேபிளின் இழைகளை வெட்டி நுழைக்கிற ஆளைப் பார்த்தால் அப்போதே நிறுத்து.

நல்ல லக்கையும் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் போச்சு. ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல் வாங்கிப் போடு, பெரிய அளவுகளுக்கு ஹைட்ராலிக். முழுசாக அழுத்தி முடிக்காமல் ராட்செட் விடாது, அதுதான் அதன் அருமை. வேலை ஆரம்பிக்கும் முன் எலக்ட்ரீஷியனை ஒரு சாம்பிள் கிரிம்ப் செய்யச் சொல்லி, அழுத்தின இடத்தில் குறுக்கே ஹேக்ஸா போட்டு அறுத்துப் பார். இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி, நடுவில் ஓட்டையே தெரியக்கூடாது. ஓட்டை தெரிந்தால் லக் பெரிசு, இல்லையென்றால் டூலில் போட்ட டை தப்பு. ஒரு லக் வீணாகிறதே என்று யோசிக்காதே.

மெல்லிய இழை ஒயரை டெர்மினலில் மாட்டும்போது பின் லக் போட்டே மாட்டச் சொல். நுனிக்கு ஈயம் வைத்து ஸ்க்ரூ போடுவது பழைய வழக்கம், ஆனால் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல வழிந்து இடம் கொடுக்கும். ஆறு மாதம் கழித்து அந்த ஸ்க்ரூ தானாகவே லூஸாகியிருக்கும்.

டெர்மினல் வாங்கப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். கரண்ட் ஓடுகிற பட்டையில் காந்தம் ஒட்டக் கூடாது, அது செம்போ பித்தளையோதான். ஸ்க்ரூவும் கவ்வும் கிளாம்ப்பும் எஃகாக இருக்கலாம், நல்ல கம்பெனிகளே அப்படிச் செய்கின்றன, அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதே. பிளாஸ்டிக்கிற்கு, ஒரு பீஸை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் நெருப்புக் காட்டு. நெருப்பை எடுத்ததும் சில நொடியில் தானே அணைய வேண்டும். சொட்டுச் சொட்டாக உருகி எரிந்துகொண்டே இருந்தால் அந்தக் கடைச் சரக்கே வேண்டாம்.

சென்சார் கனெக்டரில் ஐபி67 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதே. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை அது. ஆண், பெண் ரெண்டும் முழுசாகச் சேர்ந்து இறுகியிருந்தால்தான் அந்தக் கணக்கு. கழற்றிப் போட்டு மூடி போடாமல் விட்டால் ஐபி எதுவும் இல்லை. சோதனையும் வெறும் தண்ணீரில்தான். உன் மெஷினில் தெறிப்பது கூலன்ட், அதற்குப் பிவிசி உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். அந்த இடத்துக்குப் பியுஆர் உறை உள்ள கேபிள் கேள். கேபிள் செயினுக்குள் ஓடுவதற்கு அதற்கென்றே வருகிற ஃப்ளெக்ஸ் கேபிள்தான் தாக்குப்பிடிக்கும். எம்12 கனெக்டரில் கோடிங்கையும் பார்த்துக்கொள். சாதாரண சென்சாருக்கு ஏ, நாலு பின் ஈதர்நெட்டுக்கு டி, எட்டு பின் கிகாபிட்டுக்கு எக்ஸ். ஒன்று மற்றொன்றில் உட்காராது.

பிளக், சாக்கெட்டில் சொல்ல அதிகமில்லை. நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட் வரிசை, 16, 32, 63, 125 ஆம்பியர் என்று அளவுகள். வீட்டு பிளக் டாப்பைப் பட்டறையில் தொடவே தொடாதே. லோடு ஓடும்போது எந்தக் கனெக்டரையும் உருவாதே.

ஒயர் காயில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் யாருடைய லைசென்ஸ், இப்போதும் செல்லுபடியாகிறதா என்று காட்டிவிடும். 2.5 ஸ்கொயர் இழை ஒயருக்குக் கிலோமீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் 7.98 ஓமுக்கு மேல் போகக் கூடாது என்பது 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. 90 மீட்டர் காயிலுக்கு அது 0.72 ஓம், நம் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள். காயிலை மல்டிமீட்டரால் அளந்து, மல்டிமீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்த பிறகும் 0.9 காட்டினால் செம்பைக் குறைத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடு. அதற்காகவே எப்போதும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கு, பார்ட் நம்பரையும் பில்லில் எழுதச் சொல். பல பின் கனெக்டரில் ரெண்டு பாதியும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், உபரியாக ஒரு ஜோடி அலமாரியில் இருக்கட்டும்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமா, கேபிள் டை, நம்பர் ஸ்லீவ், டக்ட் இதிலெல்லாம் பிடி. ஜாயிண்டில் பிடிக்காதே.

கடைசியாக ஒன்று, கண்ணு. புதுச் சாமானை மாட்டிப் பார்க்கிற ஆசையில் பேனலைத் திறந்துவிடாதே. மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டுச் சாவியை உன் பையில் வை. டிரைவ் இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கிற நிமிடங்கள் காத்திரு, உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். பிறகு மல்டிமீட்டரை வேறொரு லைவ் பாயிண்டில் வைத்து அது வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, இங்கே சுழி காட்டிய பிறகே கை வை.